நாற்பத்தொரு நிமிட அழுகை

சித்தியைப் பார்ப்பது குழந்தைக்குக் கெடுதல் என்று எங்கள் அலுவலகம் முடிவு செய்தது. சும்மா செய்யவில்லை. ஓராண்டு உழைத்து, ஆதாரத்தோடு செய்தது. தவறு அது ஒன்றுதான். மற்றபடி எல்லாம் விதிப்படி நடந்தது.

எங்களுடையது குழந்தைகள் நல அலுவலகம். மூன்று மாடி. குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. அவர்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் காப்பகத்தில் இருந்தார்கள், இருபத்துமூன்று பேர். எங்கள் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் சத்தம் கேட்கும். அதனால் திறப்பதில்லை.

நான் அங்கே சரிபார்ப்பு எழுத்தர். வெளியே போகிற தாள் ஒவ்வொன்றையும் படித்து, எழுத்துப்பிழை இருந்தால் சுழித்து, கீழே "சரிபார்த்தேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறு வருஷம் போட்டேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

புது இயக்குநர் வந்தார். எங்கேயோ ஐந்து நாள் பயிற்சி முடித்துவிட்டு நேராக வந்தார். கூடவே ஓர் ஆலோசகர். இளைஞர், கறுப்புக் கண்ணாடிச் சட்டம், கையில் எப்போதும் ஒரு பேனா, எழுத அல்ல, சுட்டிக்காட்ட. முதல் வாரமே சுற்றறிக்கை வந்தது.

"இவ்வலுவலகத்தில் இனி ஆதாரமின்றி எதுவும் நடைபெறலாகாது. அளக்கப்படாத எதுவும் நடைபெற்றதாகக் கருதப்படாது. அளக்கப்பட்டது இடையறாது மேம்பட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்."

ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதற்குமுன் எங்கள் வழக்கம் வேறு. ஒரு குழந்தை அழுதால் யாராவது போய் "ஏன் அழுற?" என்று கேட்பார்கள். அது ஆதாரமற்ற நடைமுறை என்று தெரியவந்தது. குழந்தை பொய் சொல்லலாம். கேட்கிறவர் தப்பாகக் கேட்கலாம். நிமிடம் பொய் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அழுகைக் குறிப்பேடு திறக்கப்பட்டது. காப்பகப் பொறுப்பாளர் அம்மாவுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் வழங்கப்பட்டது. கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிற்றோடு.

அந்தம்மா நல்ல மனுஷி. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அழுற பிள்ளையைத் தூக்கலாமா சார்?"

"தாராளமா தூக்கலாம்," என்றார் ஆலோசகர். "அளந்து முடிச்சிட்டுத் தூக்குங்க. நடுவுல தூக்கினா அளவு கெட்டுப்போயிடும்."

"அதுவரைக்கும்?"

"பக்கத்துல நில்லுங்க. முகத்துல எதையும் காட்டாதீங்க."

அம்மா நின்றார். அளந்தார். எழுதினார்.

அலுவலகம் சுறுசுறுப்பானது. சுவரெல்லாம் வரைபடம். காலையில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் "மேம்பாடு எப்படி?" என்று கேட்டுக்கொண்டார்கள். தேநீர் இடைவேளைக்கு "மீளாய்வு இடைவேளை" என்று பெயர் வந்தது. தேநீர் அதேதான். கணக்குப் பிரிவில் ஒருத்தர் தன் கொட்டாவியை அளந்து, மூன்று மாதத்தில் பாதியாகக் குறைத்து, பாராட்டுச் சான்றிதழ் வாங்கினார். மீதிக் கொட்டாவியை வீட்டில் விட்டிருப்பார்.

இனிக் குழந்தைக்கு வருகிறேன்.

ஆறு வயசுப் பெண். முன்பல் இரண்டும் விழுந்து, மீதிப் பல்லை வைத்து எதையும் கொறித்துக்கொண்டே இருக்கும். சித்தி அதற்கு எலிக்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். எங்கள் ஏட்டில் கோப்பு பதினேழு. அம்மா இறந்துபோனாள். அப்பா யார் எங்கே என்று தெரியாது. அம்மாவின் தங்கை ஒருத்திதான் உறவு. தையல் கடையில் வேலை. ஒற்றை அறை வீடு, சுத்தமாக வைத்திருந்தாள். அக்கா மகளைத் தானே வளர்க்கிறேன் என்று மனுக் கொடுத்தாள்.

அவள் மனுவோடு வந்த அன்று நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது.

"உங்க வீட்ல குழந்தை நல்லா இருக்கும்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் ஆலோசகர்.

"கூட்டிட்டுப் போனா தெரிஞ்சிடும் சார்."

"ஆதாரம் இல்லாம அனுப்ப முடியாதும்மா."

"அனுப்பாம ஆதாரம் எப்படி சார் வரும்?"

"அதைத்தான் நாங்களும் ஆராய்ஞ்சிட்டு இருக்கோம்."

"அவ பொறந்தப்ப முதல்ல தூக்கினதே நான்தான் சார். அவளுக்கு என்ன பிடிக்கும், எப்ப தூங்குவா, எல்லாம் தெரியும். இன்னும் என்ன வேணும்?"

"இதெல்லாம் அபிப்பிராயம்," என்று பேனாவால் காற்றில் ஒரு கோடு போட்டார் ஆலோசகர். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. மூணு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். நாங்க அளக்கிறோம். ஒரு வருஷத்துல தெரிஞ்சிடும்."

விதி இதுதான். ஓராண்டு முடிந்ததும் உயர்நிலைக் குழு கூடும். உறவினர் உகந்தவர் என்று ஆதாரம் சொன்னால் குழந்தை அவர் வீட்டுக்குப் போகும். உகந்தவர் அல்லர் என்று சொன்னால் நிரந்தரப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும். அந்த இல்லம் இருப்பது வேறு ஊரில். ரயிலில் பதினோரு மணி நேரம். போன குழந்தை பதினெட்டு வயசில்தான் வெளியே வரும்.

சித்தி வந்தாள். ஒரு ஞாயிறு தப்பாமல் வந்தாள். மூன்று மணிக்குக் கேட் திறக்கும்முன் நிற்பாள். குழந்தை ஓடி வந்து இடுப்பில் ஏறிக்கொள்ளும். நாலு மணிக்கு இறக்கிவிட வேண்டும். இறக்கிவிட்டால் அழும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும். பொறுப்பாளர் அம்மா முகத்தில் எதையும் காட்டாமல் பக்கத்தில் நின்று அளப்பார்.

மூன்று மாதம் முடிந்ததும் ஆலோசகர் கணக்குப் போட்டார். சித்தி வந்த நாளில் சராசரி அழுகை: நாற்பத்தொரு நிமிடம். வராத நாளில்: மூன்று நிமிடம்.

இயக்குநர் அறையில் அன்றைக்குக் கைதட்டல் கேட்டது.

"பார்த்தீங்களா சார்? அந்தப் பொம்பளை வர்ற நாள்ல குழந்தையோட துன்பம் பதின்மூணு மடங்குக்கு மேல ஏறுது!"

"அடேயப்பா," என்றார் இயக்குநர். "பார்த்தா அப்படித் தெரியலையே."

"பார்த்தா தெரியாது சார். அதுக்குத்தானே ஆதாரம்."

சித்தியின் வருகை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று குறைக்கப்பட்டது. அழுகை பாதியாகக் குறைந்தது. மாதம் ஒரு முறை ஆக்கினார்கள். இன்னும் குறைந்தது. வரைபடத்தில் கோடு மாடிப்படி இறங்குவதுபோல அழகாக இறங்கியது. பக்கத்து அலுவலகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறாம் மாதம் வருகையை முழுக்க நிறுத்தினார்கள். கோடு தரையைத் தொட்டது.

முறை பலித்துவிட்டதே, சும்மா விடுவார்களா. மீதி இருபத்திரண்டு குழந்தைகளின் அத்தை, மாமா, தாத்தா எல்லாரையும் அளந்தார்கள். எல்லாரும் தீங்கு. எல்லாரும் நிறுத்தம்.

சித்தி அலுவலகத்துக்கு ஓடி வந்தாள்.

"சார், நான் வந்ததால அவ அழல. கிளம்பிப் போறதாலதான் அழுறா."

ஆலோசகர் சிரிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார். "நீங்க வராமலே இருந்தா போக வேண்டிய அவசியமே இல்லையேம்மா."

அந்த மாதிரிப் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு எங்கே விற்கிறது? அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். நான் ஒரு தாளில் கமாவைத் தேடினேன்.

"அவ என்னை மறந்துட்டா அது உங்களுக்கு மேம்பாடா?" என்றாள்.

"மறதிக்குக் கட்டம் இல்லைம்மா," என்றார் ஆலோசகர். "ஆனா நல்ல யோசனை. அடுத்த வடிவத்துல சேர்த்துக்கிறோம்." குறித்தும் கொண்டார்.

எட்டாம் மாதம் ஒரு தாளைக் கொடுக்க நான் காப்பகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆள் இல்லை, என்னை அனுப்பிவிட்டார்கள். கேட் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. சட்டைக் காலரைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?"

"இல்ல. புதன்."

"ஓ." கொஞ்ச நேரம் கொறித்தது. "அழுதா சித்தி வர மாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"கடிகாரம் மாட்டியிருக்கிற அம்மா. அதனால நான் அழுறதே இல்ல. ஒரு நாள்கூட இல்ல." விரலை நீட்டி எதையோ எண்ணிவிட்டு மடக்கியது. "அப்படியும் வரலியே தாத்தா?"

தாளைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். அந்தத் தாள் கோப்பு பதினேழின் மாத அறிக்கை. அழுகை: பூஜ்யம். நிலை: மிகச் சிறப்பு. எழுத்துப்பிழை இல்லை. நான்தான் சரிபார்த்திருந்தேன்.

"சாப்பிடுதா?" என்று கேட்டேன், பொறுப்பாளர் அம்மாவிடம்.

"பாதிதான். பேச்சும் குறைஞ்சுபோச்சு. எழுதலாம்னு பார்த்தேன், கட்டம் இல்ல சார்."

தெருவைத் தாண்டித் திரும்பி வந்தேன். உட்கார்ந்தேன். அடுத்த தாளை எடுத்தேன். என்னைத் திட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் திட்டலாம்.

ஓராண்டு முடிந்தது. உயர்நிலைக் குழு வருகிறது என்று தரையை இரண்டு முறை கழுவினார்கள். இந்த ஆண்டு குழு விருதும் தரப்போகிறது, சிறந்த ஆதாரத்துக்கு. போட்டிக்கு நாங்கள் அனுப்புவது கோப்பு பதினேழு. ஒரே கல்லில் இரண்டு வேலை: விருதும் வாங்கலாம், குழந்தையை ரயிலும் ஏற்றலாம். ஆணையை அடித்து வைத்துவிட்டார்கள். ரயிலுக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். சித்திக்குத் தகவல் போனது, வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி. வந்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கையில் ஒரு சின்னக் கவுன். இந்த வருஷ வளர்த்திக்கு அவளே கண்மதிப்பில் தைத்தது.

ஆலோசகர் அறிக்கையை ஒரே பக்கத்தில் முடித்திருந்தார். நீளமான அறிக்கை பழைய பாணியாம். ஓர் அட்டவணை, இரண்டு பத்தி, இரண்டு எண். எத்தனை நாள், எத்தனை வருகை என்பதெல்லாம் குழப்பும் என்று எடுத்துவிட்டார். அந்த மூன்று நிமிடத்தையும் சில்லறை என்று விட்டுவிட்டார். கடைசியில் "முடிவு: அட்டவணையில் கண்டவாறு". ஆதாரம் தானே பேச வேண்டும், நாம் குறுக்கே பேசக் கூடாது என்பார். கையால் எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்தார். தட்டச்சாகி என்னிடம் வந்தது. "சராசரி"க்கு ஒரு கால் விட்டுப்போயிருந்தது. சுழித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

கூட்டம். குழுத் தலைவர் வயசான அம்மா, முடி வெள்ளை, முகத்தில் சலிப்பு. காலையிலிருந்து நாலு அலுவலகம் பார்த்துவிட்டு வந்திருந்தார். இயக்குநர் எழுந்து பேசினார். இடையறாத மேம்பாடு பற்றி இருபது நிமிடம் இடையறாமல் பேசினார். திரையில் அட்டவணை விழுந்தது.

சித்தி வந்த நாளில் அழுகை: 0 நிமிடம்.
சித்தி வராத நாளில் அழுகை: 41 நிமிடம்.

இயக்குநர் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இதைவிடத் தெளிவான ஆதாரம் இருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது," என்றார் தலைவர் அம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சித்தி வந்தா குழந்தை அழறதே இல்ல. வரலேன்னா முக்கால் மணி நேரம் அழுது. அப்படித்தானே?"

இப்போது இயக்குநர் திரும்பிப் பார்த்தார். ஆலோசகரும் பார்த்தார். பேனா கீழே விழுந்தது.

கோப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நான், மடியிலிருந்த ஆலோசகரின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன். அதில் நேர்மாறாக இருந்தது. தலைப்பு இரண்டும் இடம் மாறிவிட்டன. முப்பத்தாறு வருஷப் பழக்கம், "பிழை" என்று சொல்ல எழுந்தேன். பாதி எழுந்ததும் முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்துவிட்டேன். பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான். அதுவும் முட்டி செய்தது.

"ஆலோசகர் ஏதாவது விளக்கம் சொல்றாரா?" என்றார் தலைவர் அம்மா.

மூன்று விநாடி. அதற்குமேல் அவருக்குத் தேவைப்படவில்லை. எழுந்தார். அதே குரல், அதே நிதானம்.

"உறவுப் பிணைப்புங்க அம்மா. பழக்கமான ஒருத்தர் பக்கத்துல இருந்தா குழந்தையோட மனசு நிலைப்படுது. இல்லாதப்ப குலையுது. நாங்க எதிர்பார்த்ததுதான். முதல்முறையா நிமிடக் கணக்குல நிரூபிச்சிருக்கோம்."

குழு தலையாட்டியது. சில மாதம் முன்பு நேர்மாறாகச் சொன்னபோது பக்கத்து அலுவலகங்களும் இப்படியேதான் தலையாட்டின.

"நல்லது," என்றார் தலைவர் அம்மா. "அப்ப இந்தக் குழந்தை இன்னும் ஏன் இங்க இருக்கு?"

இயக்குநர் ரயில் ஆணையின் மேல் ஒரு கோப்பை இழுத்து மூடினார்.

"இன்னிக்கு அனுப்புறோம்!" என்றார் இயக்குநர். "சித்தி வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. நாங்கதான் வரச் சொன்னோம்!"

அதில் பொய் ஒன்றும் இல்லை.

ரயில் ஆணையைக் கிழித்தார்கள். வேறு ஆணை பத்து நிமிடத்தில் தயாரானது. வெளியே கொண்டுபோய்ச் சித்தியிடம் நீட்டினார்கள். அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். எதில் போடுகிறோம் என்று நினைத்தாளோ. பிறகு பொறுப்பாளர் அம்மா குழந்தையைத் தெருவைக் கடந்து கூட்டிவந்து நிறுத்தினார்.

குழந்தை ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்றுகொண்டது. உதட்டை உள்ளே இழுத்து, மீதிப் பல்லால் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"எலிக்குட்டி, என்னடி? வா."

"நான் அழல சித்தி," என்றது. "பாரு, அழவே இல்ல."

"நீ அழுடி. எவ்வளவு வேணும்னாலும் அழு. நான் போக மாட்டேன்."

அதற்குப் பிறகு அது அழுதது. மூன்று மாடிக்கும் கேட்டது. பொறுப்பாளர் அம்மா கை பழக்கத்தில் ஸ்டாப்வாட்சைத் தொட்டது. அப்புறம் விட்டுவிட்டது. எத்தனை நிமிடம் என்று எங்கள் ஏட்டில் இல்லை.

மறுநாள் ஆலோசகர் கையெழுத்துப் பிரதியோடு இயக்குநர் அறைக்குள் ஓடினார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"சார், அட்டவணை தலைகீழ்! பிழை நடந்திருக்கு!"

இயக்குநர் மேஜையில் விருது இருந்தது. அதைச் சற்று நேராக நகர்த்தி வைத்தார்.

"பிழைன்னு சொன்னா இது திரும்பப் போகும்."

"போகும் சார்."

"அப்ப பிழை இல்ல."

"ஆனா சார், ஆதாரம்..."

"யோவ், ஆதாரத்துக்குத்தான்யா விருது குடுத்திருக்காங்க. விருது வாங்கின ஆதாரம் எப்படித் தப்பா இருக்கும்?"

ஆலோசகர் யோசித்தார். இந்த வாதத்தில் அவருக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவர் படித்த படிப்பே அது. அன்று சாயங்காலமே சுற்றறிக்கை போனது: மீதி இருபத்திரண்டு குழந்தைகளின் உறவினர்கள் அனைவரும் தினசரி தவறாமல் வருகை தரல் வேண்டும், வரத் தவறுவோர் எழுத்துமூலம் விளக்கம் அளித்தல் வேண்டும். ஒரு தாத்தா பல் பிடுங்கப் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார். கூடவே பிடுங்கிய பல்லையும் இணைத்திருந்தார். ஆதாரம்.

நான் தட்டச்சுப் பிரிவுக்குப் போனேன். தட்டச்சர் அம்மா மூலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பதினைந்து வருஷமாக அதே நாற்காலி, அதே மெத்தை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

"ஏம்மா, பதினேழாம் கோப்புல தலைப்பு ரெண்டும் இடம் மாறியிருக்கே, கவனிச்சீங்களா?"

"மாறல சார். நான்தான் மாத்தினேன்."

"ஏன்?"

"எழுதிக் குடுத்தவர் மாத்தி எழுதியிருந்தார் சார். சித்தி வந்தா அழுதாம், வராட்டி சந்தோஷமா இருக்குதாம். அப்படி எந்தப் பிள்ளை சார் இருக்கும்? அவசரத்துல தலைப்பை மாத்திப் போட்டுட்டார் போலன்னு சரிபண்ணி அடிச்சேன்." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏன் சார், தப்பா?"

அந்த ஓராண்டில் எங்கள் கட்டடத்தில் அந்தக் கணக்கு எத்தனையோ கை மாறியது. அதைப் படித்தவர் இவர் ஒருத்தர்தான்.

"இல்லம்மா," என்றேன். "'சராசரி'யில ஒரு கால் விட்டுப்போச்சு. அதான் சொல்ல வந்தேன்."

"அது நம்ம தப்புதான் சார்," என்று வருத்தப்பட்டார்.

உறவினர் உகந்தவர் என்று அதே முறையில் முடிவாகி, இருபத்துமூன்று குழந்தைகளில் பதினெட்டு பேர் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் ஆண்டு மலரில் ஒரு பக்கம் முழுக்க அந்தச் சாதனை இருக்கிறது. வழிகாட்டியவர் என்று இயக்குநர் படம் போட்டிருக்கிறது. ஆய்வு ஆலோசகர். மேற்பார்வை மூன்று பேர், நான் அவர்களை அதற்குமுன் பார்த்ததில்லை. சரிபார்ப்பு என்று என் பெயரும் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல். சரிசெய்தது தட்டச்சர் அம்மா.